பிள்ளைகள் கையில் செல்போன்: கட்டுப்பாடு யாருடைய நன்மைக்கு?

(ஒரு வாசகசாலை ஆண்டு விழாவில் செய்த சொற்பொழிவு)



இந்த வாசகசாலையின் ஆண்டு விழாவில் நாம் ஏதாவது பேசவேண்டும் என்று தோழர்கள் கேட்டுக்கொண்டபோது, வழக்கம்போல் சாதியைப் பற்றியோ, ஜோசியத்தைப் பற்றியோ பேசலாம் என்றுதான் வந்தோம். ஆனால் கூட்டம் துவங்குவதற்கு முன் வெளித்திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது ஒரு தாயார் வந்து, "ஐயா, ஊருக்கெல்லாம் புத்தி சொல்லுகிறீர்கள். எங்கள் வீட்டில் பத்தாவது படிக்கிற பையன் ராத்திரி இரண்டு மணி வரைக்கும் போர்வைக்குள்ளே செல்போன் பார்க்கிறான். கேட்டால் கதவைச் சாத்திக்கொள்ளுகிறான். அதைப் பிடுங்கி உடைத்துப் போட்டுவிடலாமா? இதற்கு ஒரு வழி சொல்லுங்கள்" என்று கேட்டார்கள். பக்கத்தில் இருந்த நாலைந்து பேரும் "எங்கள் வீட்டிலும் இதே கதைதான்" என்றார்கள். ஆகவே இன்று இதைப் பற்றியே பேசுகிறோம்.

இது வீட்டு விவகாரம்தானே, இதற்குச் சுயமரியாதை மேடை எதற்கு என்று சிலர் நினைக்கலாம். ஒரு மனிதனை இன்னொரு மனிதன் எந்தக் காரணத்தினால், எந்த அளவுக்குக் கட்டுப்படுத்தலாம் என்பதுதான் நமது இயக்கத்தின் அடிப்படைக் கேள்வி. மேல்சாதி என்பவன் கீழ்சாதி என்பவனை அடக்குவதற்குக் காரணம் கேட்டோம். புருஷன் பெண்ஜாதியை அடக்குவதற்குக் காரணம் கேட்டோம். தகப்பன் பிள்ளையை அடக்கும்போது மாத்திரம் காரணம் கேட்கக் கூடாது என்றால், நாம் வெளியில் பேசுவது ஒன்று, வீட்டில் நடப்பது ஒன்று என்றுதானே ஆகும்?

நாம் சொல்லுவதை நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. வீட்டுக்குப் போய் ஆர அமர யோசித்துப் பாருங்கள். சரியென்று பட்டதை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள்.

புத்தகமும் கெடுக்கும் என்றார்கள்

முதலாவதாக ஒன்றை நினைவுபடுத்த விரும்புகிறோம். "இதைப் பார்த்தால் கெட்டுப்போவாய், இதைக் கேட்டால் கெட்டுப்போவாய்" என்கிற பேச்சு இந்த நாட்டுக்குப் புதிதல்ல. வேதத்தைக் காதால் கேட்ட சூத்திரனுடைய காதில் ஈயத்தையும் அரக்கையும் காய்ச்சி ஊற்றவேண்டும் என்று கௌதம தர்மசூத்திரம் என்கிற சாஸ்திரத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள். இது யாருடைய நன்மைக்காக ஏற்பட்ட கட்டுப்பாடு? சூத்திரனுடைய காது கெட்டுப்போய்விடுமே என்கிற கவலையினாலா? கேட்டால் அறிவு வரும், அறிவு வந்தால் "நீ ஏன் மேல், நான் ஏன் கீழ்?" என்று கேள்வி வரும் என்கிற பயத்தினால்தானே?

பிறகு பெண்கள் படித்தால் கெட்டுப்போவார்கள் என்றார்கள். கடிதம் எழுதத் தெரிந்தால் கள்ளக் கடிதம் எழுதுவாள் என்றார்கள். நாவல் படித்தால் புத்தி கெடும் என்றார்கள். 1925-ம் வருஷம் 'குடி அரசு' துவங்கியபோது, அந்தப் பத்திரிகை நுழைந்த வீடு உருப்படாது என்று சொன்னவர்களும் உண்டு. 1931-ல் 'காளிதாஸ்' என்கிற பேசும்படம் வந்த பிறகு சினிமாவைப் பற்றி அதே பேச்சு. ரேடியோ, டெலிவிஷன் எல்லாவற்றையும் பற்றி அதே பேச்சு. இப்போது செல்போன்.

ஆகவே, படிக்கக் கூடாது, கேட்கக் கூடாது, பார்க்கக் கூடாது என்று தடுக்கப்பட்டு வந்த கூட்டத்தின் பேரன் பேத்திகளாகிய நாம், "செல்போனே கூடாது" என்கிற கோஷத்தைக் கண்ணை மூடிக்கொண்டு போடமுடியாது. நம் பிள்ளைகள் கிராமத்தில் இருந்துகொண்டே உலகத்திலுள்ள நல்ல ஆசிரியர்களின் பாடங்களைக் கேட்பதற்கும், வேலைக்கு மனுப்போடுவதற்கும், பரீட்சை முடிவு பார்ப்பதற்கும் அந்தக் கருவிதான் உதவுகிறது. அதை நெருப்பில் போடச் சொல்லுகிறவனை நாம் நம்பத் தயாரில்லை.

அப்படியானால் கெடுதலே இல்லையா?

இருக்கிறது. அதையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். புத்தகத்துக்குக் கடைசிப் பக்கம் ஒன்று உண்டு. சினிமாவுக்கு "சுபம்" என்று ஒன்று உண்டு. இந்த ரீல்ஸ் என்பதற்கு முடிவே கிடையாது. விரலால் தள்ளத் தள்ள அடுத்தது வந்துகொண்டே இருக்கும். ஒன்று முடிந்தால் அடுத்தது தானாகவே ஓடும். கீழே வைத்துவிட்டால் "டிங்" என்று மணியடித்துக் கூப்பிடும். இவை தற்செயலாக ஏற்பட்டவையல்ல. நன்றாகப் படித்த என்ஜினீயர்கள், பெரிய சம்பளம் வாங்கிக்கொண்டு, மனிதனுடைய கண் எதில் நிற்கிறது, எதில் நகருகிறது என்று கணக்குப் பார்த்துச் செய்து வைத்திருக்கிற ஏற்பாடுகள்.

இது இலவசம்தானே என்று கேட்பீர்கள். கோயிலில் சாமி தரிசனமும் இலவசம்தான். ஆனால் உண்டியல் ஒன்று வாசலில் இருக்கிறதல்லவா? பேஸ்புக்கையும், இன்ஸ்டாகிராமையும், வாட்ஸ்அப்பையும் நடத்துகிற மெட்டா என்கிற கம்பெனிக்கு 2024-ம் வருஷத்தில் வந்த வருமானம் 16,400 கோடி டாலருக்கு மேல். அதில் ஏறக்குறைய முழுவதும் விளம்பரத்தினால் வந்தது. விளம்பரக்காரனுக்கு அந்தக் கம்பெனி விற்கிற சரக்கு என்ன? உங்கள் பிள்ளையின் கண்ணும், நேரமும்தான். பிள்ளை இன்னும் பத்து நிமிஷம் பார்த்தால் இன்னும் நாலு விளம்பரம் ஓடும். கடைக்காரனுடைய லாபமே பிள்ளை எழுந்து போகாமலிருப்பதில் இருக்கிறபோது, "அவனாக எழுந்து வரட்டும்" என்று நாம் சும்மா இருப்பது என்ன புத்திசாலித்தனம்?

சித்திரகுப்தன் என்று ஒருவன் நாம் செய்கிற ஒவ்வொரு காரியத்தையும் கணக்கெழுதுகிறான் என்று புராணக்காரன் சொன்னான். அது பொய்க் கணக்கு என்று நாம் ஊர் ஊராகச் சொல்லி வந்தோம். இப்போது மெய்யாகவே ஒரு சித்திரகுப்தன் நம் சட்டைப்பையில் உட்கார்ந்திருக்கிறான். பிள்ளை எதைப் பார்த்தது, எத்தனை விநாடி பார்த்தது, எதில் நின்றது என்று எழுதிக்கொண்டே இருக்கிறான். அவனுக்கு யமலோகத்தில் வேலையில்லை. விளம்பர ஆபீசில்தான் வேலை.

இதனால் கெடுதல் உண்டென்பது அந்தக் கம்பெனிக்கே தெரியாததல்ல. உடம்பைப் பற்றி ஏற்கனவே மனக்குறை உள்ள இளம் பெண்களில் மூன்றில் ஒருவருக்கு இன்ஸ்டாகிராம் அந்தக் குறையை அதிகமாக்குவதாக அந்தக் கம்பெனியின் சொந்த ஆராய்ச்சியே கண்டிருந்தது. அங்கே வேலை பார்த்த பிரான்சிஸ் ஹாகன் என்கிற அம்மையார் அந்தக் காகிதங்களை வெளியே கொண்டுவந்ததனால் 2021-ல்தான் அது உலகத்துக்குத் தெரிந்தது. அம்மியில் அரைக்கிற மஞ்சளைப் பூசியாவது சிவப்பாகவேண்டும் என்று ஏற்கனவே நம் வீட்டுப் பெண்களை நாம் நோகடித்துக்கொண்டிருக்கிறோம். அந்தப் புண்ணின்மேல் தினமும் ஆயிரம் மெழுகுப் பொம்மை முகங்களைக் காட்டினால் அந்தக் குழந்தை என்ன ஆகும்?

கொடுத்தது யார்?

இந்தச் சாமானைப் பிள்ளைகள் திருடிக்கொண்டு வரவில்லை. நாம்தான் கொடுத்தோம். 2020-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். அதன் பிறகு வெகுகாலம் வகுப்புகள் நிலையாக நடக்கவில்லை. இடைக்காலத்தில் பாடம் செல்போனில் வந்தது. கூலி வேலை செய்கிறவர்கள் கூடக் கடன் வாங்கிப் பிள்ளைக்குப் போன் வாங்கிக் கொடுத்தார்கள். அது தப்பில்லை. வேறு வழியில்லை. ஆனால் அதை எப்படிப் பயன்படுத்துவது என்று ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சைக்கிள் வாங்கிக் கொடுத்தால் பின்னாலேயே ஓடிப் பிடித்துக்கொள்ளுகிற நாம், இதைக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டோம்.

இப்போது நிலைமை கைமீறினவுடன் நம் ஜனங்கள் மூன்று வைத்தியம் செய்கிறார்கள். ஒன்று, அடித்துப் பிடுங்குவது. இரண்டாவது, "எக்கேடோ கெட்டுப் போ" என்று விட்டுவிடுவது. மூன்றாவது, பிள்ளைக்குக் கிரகம் சரியில்லை என்று மந்திரித்துக் கயிறு கட்டுவது. மூன்றாவதைப் பற்றி இந்தக் கூட்டத்தில் விரிவாகப் பேசவேண்டியதில்லை. கயிறு கட்டுகிற சாமியாருக்கே யூடியூபில் கடை இருக்கிறது. பிள்ளை எவ்வளவு நேரம் பார்க்கிறதோ அவ்வளவுக்கு அவருக்கும் லாபம். முதல் இரண்டைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும்.

பையனுக்கு ஒரு நீதி, பெண்ணுக்கு ஒரு நீதி

அடித்துப் பிடுங்குகிற வீடுகளில் யாரிடமிருந்து பிடுங்குகிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். பையன் ராத்திரி முழுவதும் துப்பாக்கிச் சண்டை ஆடினால், "ஆண்பிள்ளை, அப்படித்தான் இருப்பான்" என்கிறார்கள். அதே வீட்டில் பெண் ஒரு சினேகிதியோடு பேசி நாலு தரம் சிரித்துவிட்டால், "யாரோடு பேசினாய், காட்டு" என்கிறார்கள்.

2019-2021-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கின்படி, இந்த இந்திய தேசத்தில் இணையத்தை ஒரு தரமாவது பயன்படுத்தியிருந்த ஆண்கள் நூற்றுக்கு 57 பேர். பெண்கள் நூற்றுக்கு 33 பேர்தான். கருவிக்கு ஆண் பெண் தெரியுமா? வித்தியாசத்தை வைத்தவர்கள் மனிதர்கள்.

2019 ஜூலையில் குஜராத்து பனாஸ்காண்டா ஜில்லாவில் 12 கிராமங்களைச் சேர்ந்த ஒரு சாதிக் கூட்டத்தார் கூடி, கலியாணமாகாத பெண்கள் செல்போன் வைத்துக்கொள்ளக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். பெண்களுடைய படிப்புக் கெடுகிறது என்று காரணம் சொன்னார்கள். ஆனால் அதே கூட்டத்தில் போட்ட இன்னொரு தீர்மானத்தைக் கேளுங்கள்: சாதி விட்டுச் சாதி கலியாணம் செய்துகொண்டால் அந்தக் குடும்பத்துக்கு அபராதம். படிப்பின்மேல் உள்ள அக்கறைக்கும் சாதி அபராதத்துக்கும் என்ன சம்பந்தம்? பெண் நாலு பேரோடு பேசினால் தன் துணையைத் தானே தேடிக்கொள்ளுவாள், தேடிக்கொண்டால் சாதி போய்விடும் என்பதுதான் விஷயம். காதில் காய்ச்சி ஊற்றின அந்த ஈயமும், இந்தத் தீர்மானமும் ஒரே உலையில் காய்ந்தவை.

குஜராத்தைச் சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள வேண்டாம். இந்தக் கூட்டத்தில் கருப்புச் சட்டையோடு உட்கார்ந்திருக்கிற தோழர்கள் ஒவ்வொருவரும், தம் வீட்டில் மகன் போனுக்குப் பூட்டுச் சொல் இருந்தால் சும்மா இருந்துவிட்டு, மகள் போனுக்கு இருந்தால் கோபப்படுகிறோமா என்று நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளட்டும்.

ஆகவே, ஒரு கட்டுப்பாடு நல்லதா கெட்டதா என்று பார்க்க நாம் ஒரு சோதனை சொல்லுகிறோம். அந்தக் கட்டுப்பாடு யாருடைய நன்மைக்கு? பிள்ளையின் நன்மைக்கு என்றால், அதன் காரணத்தைப் பிள்ளைக்கு எடுத்துச் சொல்லமுடியும். "நீ ஆறு மணி நேரம் மாத்திரம் தூங்கினால் காலையில் கணக்கு மண்டையில் ஏறாது" என்று சொல்லமுடியும். குடும்ப கௌரவத்துக்கு, சாதிக்கு, நாலு பேர் வாய்க்கு என்றால், காரணம் சொல்லமுடியாது. "நான் சொல்லுகிறேன், நீ கேள்" என்றுதான் சொல்லமுடியும். அது புரோகிதன் சொல்லுகிற பதில். அந்தப் பதிலைக் கோயிலில் ஏற்றுக்கொள்ளாத நாம் வீட்டில் மாத்திரம் சொல்லலாமா?

ஒரு பெண் மூன்று மாதம் வாய் திறக்கவில்லை

நமக்கு நேராகத் தெரிந்த ஒரு சங்கதியைச் சொல்லுகிறோம். பக்கத்து ஊரில் பதினோராவது படித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் படத்தை எவனோ ஒரு அயோக்கியன் எடுத்து, வேறொரு உடம்போடு ஒட்டி, அதை அவளுக்கே அனுப்பி, பணம் கொடுக்காவிட்டால் ஊரெல்லாம் பரப்பிவிடுவேன் என்று மிரட்டினான். அந்தப் பெண் தாயார் சீட்டுக்கு எடுத்துவைத்திருந்த பணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கொடுத்திருக்கிறது. மூன்று மாதம் ஒருவரிடமும் சொல்லவில்லை. சாப்பாடு இறங்கவில்லை, படிப்பு ஓடவில்லை. கடைசியில் ஒரு நாள் நம் பெண் தோழர் ஒருவரிடம் அழுதுகொண்டே சொல்லிவிட்டது.

"ஏனம்மா வீட்டில் சொல்லவில்லை?" என்று கேட்டதற்கு அந்தப் பெண் சொன்ன பதில்: "போனில் ஏதாவது விவகாரம் என்று காதில் விழுந்தால், போனையும் பிடுங்கிக்கொண்டு படிப்பையும் நிறுத்திவிடுவேன் என்று அப்பா சொல்லியிருக்கிறார்."

தோழர்களே, அந்த அயோக்கியன் தனியாக அந்தப் பெண்ணை மிரட்டியிருக்க முடியாது. அவனுக்குத் தெரியாமலேயே அவனுக்கு ஒரு கூட்டாளி இருந்தான். அதுதான் தகப்பனாருடைய கோபம். தகப்பனார் கெட்டவரல்ல. பெண்ணின்மேல் உயிரையே வைத்திருந்தவர். காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக் கதவைப் பெண்ணுக்கு எதிராகப் பூட்டிவைத்திருந்தார். விஷயம் தெரிந்தவுடனே அவர் முதலில் கேட்ட கேள்வி, "இவள் ஏன் படத்தைப் போட்டாள்?" என்பதுதான். அவரை உட்காரவைத்து ராத்திரி பத்து மணி வரைக்கும் பேசவேண்டியிருந்தது. பிறகு அவரே கூட வந்து புகார் எழுதிக் கொடுத்தார். அந்தப் பெண் இப்போது காலேஜில் படிக்கிறது.

இதை ஒவ்வொருவரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். 18 வயது நிரம்பாத பிள்ளைகளை இப்படிச் செய்கிறவனைத் தண்டிக்க 2012-ம் வருஷத்திய போக்சோ சட்டம் இருக்கிறது. பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் 1098 என்கிற எண்ணுக்கும், இணையத்தில் பண மோசடி என்றால் 1930 என்கிற எண்ணுக்கும் கூப்பிடலாம். இந்த எண்களைச் சாமி படம் மாட்டியிருந்த ஆணியில் எழுதி மாட்டுங்கள். அதைவிட முக்கியமாக, இன்று ராத்திரியே பிள்ளைகளை உட்காரவைத்து, "என்ன நடந்தாலும், நீயே தப்புச் செய்திருந்தாலும், முதலில் எங்களிடம் சொல்லு. போனைப் பிடுங்கமாட்டோம், படிப்பை நிறுத்தமாட்டோம்" என்று வாக்குக் கொடுங்கள். மற்ற எல்லாக் கட்டுப்பாடுகளும் இந்த ஒரு வாக்குக்குப் பிறகுதான்.

முதலில் திருந்தவேண்டியவர்கள்

இன்னொரு சங்கதி. பிள்ளைகள்தான் செல்போனால் கெடுகிறார்கள் என்று சொல்லுகிறோமே, 2018 மே மாதத்தில் திருவண்ணாமலை ஜில்லாவில் நடந்ததை மறந்துவிட்டோமா? குலதெய்வக் கோயிலைத் தேடி வந்த ஒரு வயதான அம்மாள், வழியில் நின்ற குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் பரவியிருந்த புளுகை நம்பி, ஜனங்கள் கூட்டமாகச் சேர்ந்து அந்த அம்மாளை அடித்தே கொன்றுவிட்டார்கள். அடித்தவர்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளா? மீசை நரைத்தவர்கள் இருந்தார்கள், பிள்ளை பெற்றவர்கள் இருந்தார்கள். இந்தியாவில் இப்படிப்பட்ட கொலைகள் பல நடந்த பிறகுதான் அந்த வருஷம் ஜூலையில், ஒரு சேதியை ஒரே தடவையில் ஐந்து அரட்டைகளுக்கு மேல் அனுப்பமுடியாதபடி கம்பெனிக்காரன் ஏற்பாடு செய்தான்.

அந்தச் சேதியைக் கையில் வாங்கின ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், "இதை யார் சொன்னது? அவனுக்கு எப்படித் தெரியும்? எந்த ஊரில், எந்தத் தேதியில் நடந்தது?" என்று கேட்டிருந்தால் அந்த அம்மாள் பிழைத்திருக்கக் கூடும். புராணத்தைப் படித்துவிட்டு இப்படிக் கேள்வி கேட்கப் பழகாதவன் வாட்ஸ்அப்பைப் படித்துவிட்டும் கேட்கமாட்டான். ஆகவே பிள்ளைக்கு நாம் கற்றுக்கொடுக்க வேண்டிய பெரிய பாடம் இதுதான்: திரையில் எதைப் பார்த்தாலும், யார் சொன்னது, ஆதாரம் என்ன, நான் இதை நம்பினால் யாருக்கு லாபம் என்று மூன்று கேள்வி கேட்கவேண்டும். இந்த மூன்று கேள்வி தெரிந்த பிள்ளைக்குப் பாதிக் காவல் போதும்.

நம் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறோம். சாப்பிடும்போது யாரும் போன் பார்க்கக் கூடாது என்று நாம் வீட்டில் ஒரு சட்டம் போட்டோம். மூன்றாம் நாள் ராத்திரி, ஒரு கூட்டத்தைப் பற்றி வந்த சேதியைச் சோற்றில் கை வைத்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தோம். நம் மகள், "அப்பா, இந்தச் சட்டம் மனுதர்மம் மாதிரியா? ஒரு சாதிக்கு மாத்திரமா?" என்று கேட்டாள். பதில் சொல்ல வாயில்லை. எழுந்து போய்ப் போனை அலமாரியில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தோம். அன்று முதல்தான் அந்தச் சட்டம் எங்கள் வீட்டில் உண்மையில் அமுலுக்கு வந்தது.

செய்யவேண்டியது என்ன?

இனி, அந்தத் தாயார் கேட்ட வழியைச் சொல்லுகிறோம். இவை பெரிய ரகசியங்கள் அல்ல.

முதலாவது, தூக்கம். 13 முதல் 18 வயது வரைக்கும் உள்ள பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு எட்டு மணி முதல் பத்து மணி நேரம் தூக்கம் வேண்டும் என்று வைத்தியர்கள் சொல்லுகிறார்கள். காலையில் ஆறு மணிக்கு எழவேண்டிய பிள்ளை ராத்திரி பத்து மணிக்காவது படுக்கவேண்டும். ஆகவே ராத்திரி ஒன்பதரை மணிக்கு வீட்டிலுள்ள எல்லாப் போன்களும், அப்பா போன் உள்பட, கூடத்தில் ஒரே இடத்தில் சார்ஜுக்குப் போகட்டும். "அலாரம் வைக்க வேண்டுமே" என்பான். ஒரு அலாரக் கடிகாரம் வாங்கிக் கொடுங்கள்.

இரண்டாவது, இத்தனை மணி நேரம் என்று எல்லாருக்கும் ஒரே கணக்கு வைக்காதீர்கள். அமெரிக்காவிலுள்ள குழந்தை வைத்தியர் சங்கத்தார், நாளைக்கு இரண்டு மணி நேரம் என்று முன்பு சொல்லிக்கொண்டிருந்ததைப் பெரிய பிள்ளைகள் விஷயத்தில் 2016-ல் விட்டுவிட்டு, குடும்பத்தார் கூடிப் பேசித் தங்களுக்கு ஏற்ற திட்டம் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொன்னார்கள். தூக்கம், படிப்பு, விளையாட்டு, வீட்டு வேலை இவற்றுக்குப் போக மிச்ச நேரம்தான் திரைக்கு. திட்டத்தைப் பிள்ளையையும் கூட வைத்துக்கொண்டு எழுதுங்கள். தானும் சேர்ந்து எழுதின சட்டத்தை மீறினால் பிள்ளைக்கே வெட்கமாக இருக்கும்.

மூன்றாவது, வயதுக்குத் தக்கபடி கயிற்றை நீட்டுங்கள். இன்ஸ்டாகிராம் கம்பெனியே 13 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் சேரக் கூடாது என்கிறது. பத்து வயதுப் பிள்ளைக்குப் பொய் வயது போட்டுக் கணக்குத் திறந்து கொடுக்கிறவர்கள் பெற்றோர்களே. அதை நிறுத்துங்கள். 13 வயதில் கூடவே உட்கார்ந்து பாருங்கள். 15 வயதில் எதைப் பார்த்தாய் என்று பேசுங்கள். 17 வயதில் கேட்டால் மாத்திரம் யோசனை சொல்லுங்கள். நாளைக்கு 18 வயதில் ஓட்டுப்போடப் போகிறவனைக் கடைசி நாள் வரைக்கும் கையைக் கட்டி வைத்திருந்து மறுநாள் அவிழ்த்துவிட்டால் அவன் எப்படி நடப்பான்?

நான்காவது, திருட்டுத்தனமாகப் பிள்ளையின் சேதிகளைப் படிக்காதீர்கள். ஆபத்து என்று சந்தேகப்பட்டுப் பார்க்கவேண்டியிருந்தால், "பார்க்கப் போகிறேன், இன்ன காரணம்" என்று சொல்லிவிட்டுப் பாருங்கள். ஒற்றனை நம்பி எந்தப் பிள்ளையும் தன் கஷ்டத்தைச் சொல்லாது.

ஐந்தாவது, பணம். பணம் கட்டி ஆடுகிற இணைய ஆட்டங்களைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் பார்லிமெண்டில் சட்டம் இயற்றினார்கள். சட்டம் இருந்தாலும் சூதாடி வேறு பெயரில் கடை போடுவான். வங்கிக் கணக்கோடு சேர்ந்த போனைப் பூட்டில்லாமல் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள்.

ஆறாவது, பிடுங்கினால் பதிலுக்கு எதைக் கொடுக்கிறீர்கள்? விளையாட மைதானம் இல்லை. பெண்பிள்ளை சாயங்காலம் வெளியில் போகக் கூடாது. வேறு தெருப் பையனோடு சேரக் கூடாது. வீட்டில் பெரியவர்கள் பேசுவதில்லை. அந்தப் பிள்ளை போனுக்குள் போகாமல் எங்கே போகும்? இந்த வாசகசாலையைச் சாயங்காலம் நாலரை மணிக்கே திறந்துவையுங்கள். பெண்பிள்ளைகளும் வரும்படி செய்யுங்கள். எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்காரட்டும். போனுக்கு மாற்றாகவும் இருக்கும், சாதிக்கு மாற்றாகவும் இருக்கும்.

மில்லில் இரவு ஷிப்டு பார்க்கிற தாயாரும், வெளியூரில் கூலிக்குப் போயிருக்கிற தகப்பனும் இதையெல்லாம் எப்படிச் செய்வார்கள் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அதனால்தான் எல்லாப் பாரத்தையும் பெற்றோர் தலையில் போடக் கூடாது என்கிறோம். ஆஸ்திரேலியா தேசத்தில் 2024-ல் ஒரு சட்டம் செய்து, 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் பெரிய சமூக வலைத்தளங்களில் கணக்கு வைத்துக்கொள்ளக் கூடாது என்று அமுலுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். மீறினால் 4 கோடியே 95 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் வரைக்கும் அபராதம். அபராதம் பிள்ளைக்கல்ல, பெற்றோருக்கல்ல, கம்பெனிக்கு! வயது வைத்து ஒரேயடியாகத் தடுப்பது சரிதானா என்பதில் வாதம் இருக்கலாம். நமக்கே சந்தேகம் உண்டு. ஆனால் குற்றவாளி யார் என்று சரியாகக் கண்டிருக்கிறார்கள். கள்ளுக்கடையைப் பள்ளிக்கூட வாசலில் திறந்துவைத்துவிட்டு, பிள்ளை குடித்தால் தாயாரை மாத்திரம் திட்டுவது என்ன நியாயம்?

ஆகவே தோழர்களே! அம்மா, நீங்கள் கேட்டதற்கு நம்முடைய பதில் இதுதான்: போனை உடைக்காதீர்கள். உடைத்தால் பிள்ளைக்கு உங்கள் கைப்பலம் தெரியும், காரணம் தெரியாது. இன்று ராத்திரி பையன் பக்கத்தில் உட்கார்ந்து, "என்னடா பார்க்கிறாய், எனக்கும் காட்டு" என்று கேளுங்கள். முதல் நாள் காட்டமாட்டான். நாலாம் நாள் காட்டுவான். அதன் பிறகு தூக்கத்தைப் பற்றிப் பேசுங்கள். உங்கள் போனையும் அவன் போனையும் சேர்த்துக் கூடத்தில் வையுங்கள்.

நம் பிள்ளைகள் நமக்கு அடங்கி நடக்கவேண்டும் என்பது நம் ஆசையல்ல. சாமிக்கும், சாதிக்கும், பணக்காரக் கம்பெனிக்கும், நமக்கும் கூட, காரணம் தெரியாமல் அடங்காத பிள்ளைகளாக வளரவேண்டும். தன் கையால் போனைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போகத் தெரிந்த பிள்ளைதான் சுயமரியாதையுள்ள பிள்ளை. அப்படி அதை வளர்க்கிற வரைக்கும்தான் நம்முடைய கட்டுப்பாட்டுக்கு வேலை.

 பேச்சின் நடுவில் தோழர்கள் பலர் போனை எடுத்துப் பார்த்ததையும் நாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்!